நாலரை நட்சத்திரம்

இணைய இதழ்களில் வரும் அறிவியல் புனைகதைகளுக்கு மதிப்புரை எழுதுகிறவர்களை மனதார வாழ்த்துகிறேன். கிளார்க்ஸ்வேர்ல்டு, அன்கேனி, ஸ்ட்ரேஞ்ச் ஹொரைஸன்ஸ் என்று கதைகள் கொட்டுகின்றன, அதுவும் இலவசமாக. எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தால் மதிப்புரை எப்போது எழுதுவது?

கிளார்க்ஸ்வேர்ல்டு தலைப்புக்குப் பக்கத்திலேயே சொல் எண்ணிக்கையைப் போட்டுவிடுகிறது. என்ன கருணை! 6,000 என்றால் ‘நடுவில் தொய்வு’. 1,000 என்றால் ‘நாவலாக விரித்திருக்கலாம்’. ஹியூகோ விருதுக்காரர்கள் சிறுகதைக்கு 7,500 சொல் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். நல்லவேளை, மதிப்புரைக்குக் கட்டவில்லை. 1,000 சொல் கதைக்கு 2,000 சொல் தாராளமாக எழுதலாம். முதல் வரியில் முடிவைச் சொல்லிவிட வேண்டும், கடைசி வரியில் ஸ்பாய்லர் எச்சரிக்கை.

நட்சத்திரம் போடுவதும் சுலபம்தான். ரோபோ வந்தால் மூன்று, அழுதால் நான்கு, பாட்டியை நினைத்து அழுதால் ஐந்து.

2023 பிப்ரவரியில் இயந்திரம் எழுதிய கதைகள் வந்து குவிய, கிளார்க்ஸ்வேர்ல்டு ஆசிரியர் நீல் கிளார்க் கதை வாங்குவதையே சிறிது காலம் நிறுத்திவைத்தார். கதைக்கு ஆள் தேவை என்று நம்பும் அந்தக் காலத்து மனிதர், பாவம். மதிப்புரை உலகம் அசரவே இல்லை.

எனக்குத் தெரிந்த மதிப்புரையாளர் போன வாரம் ஒரு படைப்பைக் கொண்டாடி எழுதினார். ‘கறாரான குரல். பாத்திரங்களே இல்லாத துணிச்சல். ஜாம்பிகள் கடைசிவரை வராமலே போவது நெஞ்சைப் பிசைகிறது.’ நாலரை நட்சத்திரம். தேடிப்போய்ப் பார்த்தேன். கதை அனுப்புவோருக்கான விதிமுறைப் பக்கம். ஆண்டின் சிறந்த பத்தில் அதைச் சேர்த்துவிட்டாராம். ஆசிரியர் பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.