கண் கொடுத்த பெருமான்கள்

கலிபோர்னியாவின் சில்மாரில் கொலுவீற்றிருந்த 'செகண்ட் சைட்' என்னும் திருநிறுவனத்தைப் போற்ற நமக்குத் தகுதியுண்டோ என்று தயங்கியே எழுதுகோலை எடுக்கிறோம். வேடர் குலத்துக் கண்ணப்பர் தம் கண்ணைப் பெயர்த்துச் சிவனுக்கு அப்பிவிட்டு, விலை என்று ஒரு சொல் கேளாமல் நின்றார். வணிக ஞானம் வாய்க்காத பக்தர், பாவம். இப்பெருமான்களோ ஒரு கருவிக்கு ஏறக்குறைய 1,50,000 டாலர் என்று வாய்திறந்து அருளிய சத்தியசீலர்கள். அறுவைச் சிகிச்சைச் செலவு தனி.

கருவியின் திருநாமம் ஆர்கஸ் 2. கிரேக்கப் புராணத்தில் நூறு கண் உடையவன் பெயர் அது. விழித்திரையில் பதிக்கும் மின்முனைகளோ அறுபதே. பெயரில் நூறும் விழியில் அறுபதுமாக நிறுத்திக்கொண்ட அந்த அடக்கம் யாருக்கு வரும்! மூக்குக்கண்ணாடியில் கேமரா, இடுப்பில் ஒரு பெட்டி. பெட்டி பிசைந்து தரும் காட்சி கண்ணாடி வழியாகக் கம்பியின்றிக் கண்ணுக்குள் புகும். ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா நோயால் பார்வை இழந்தவர்களில் சிலர் கதவு விளிம்பையும் சாலை ஓரத்தையும் மினுங்கும் புள்ளிகளாகக் கண்டு, கைப்பிடிக்க ஆளின்றி நடக்கலானார்கள். 2013இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. உலகெங்கும் 350க்கு மேற்பட்டோர் அந்த ஒளியை ஏந்தினர்.

கருணை முழுவடிவம் கொண்டது அதன்பிறகுதான். கண்ணைக் கடந்து மூளையிலேயே கருவி பதிக்கும் 'ஓரியன்' என்ற மேலான தவத்தில் இறங்கிய பெருமான்கள், 2019இல் ஆர்கஸைக் கைவிட்டார்கள். பழைய பக்தர்களிடம் மேலும் காசு வாங்கலாகாது என்ற பரிவன்றி வேறென்ன? 2020 மார்ச்சில் ஊழியர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வும் அளித்தார்கள். இச்செய்தியைக் கருவி பதித்துக்கொண்டோரிடம் சொல்லி அவர்கள் மனத்தைக் கலக்கவில்லை, என்னே இங்கிதம்!

கருவியும் எசமானரைப் போலவே பண்புடையது. முன்னமே ஒருநாள் நியூயார்க்கில், நெரிசல் மிகுந்த சுரங்க ரயில் நிலையத்தில், படியிறங்கப் போன பெண்மணி ஒருவரிடம் மூன்று முறை மெல்லக் கூவி விடைபெற்றுவிட்டு அது கண்ணை மூடிக்கொண்டது. சொல்லாமல் கொள்ளாமல் போகும் இக்காலத்தில் இப்படி ஒரு மரியாதையா! படிகளின் எண்ணிக்கையைக் காலால் அறியும் தொன்மையான கலை அக்கணமே அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

பிறரைச் சாராமல் நடமாட வைப்போம் என்று வாக்களித்தவர்கள் வாக்குத் தவறவில்லை. இன்று அந்த 350க்கு மேற்பட்டோரும் நிறுவனத்தையே சாரவில்லை. இடுப்புப் பெட்டி உடைந்தால் மாற்றுக்குக் கடையில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், கண்ணுக்குள் உலோகம் இருக்கிறதே என்று மருத்துவர் தயங்குவார். விடை சொல்லவேண்டிய நிறுவனத்தின் மேசையில் மௌன உபதேசம் நடக்கும். கழற்ற இன்னோர் அறுவை வேண்டும் என்பதால் அணைந்த கருவியை விழிக்குள்ளேயே வைத்துப் பூசிப்போரும் உண்டு. வெளியே தெரியாத ஆபரணம், திருடனுக்கும் பயமில்லை.

2022இல் நிறுவனம் 'நானோ பிரிசிஷன் மெடிக்கல்' உடன் இணைந்தது. இனி, உடலுக்குள் இருந்தபடியே மெல்ல மெல்ல மருந்து சுரக்கும் நுண்கருவிகளாம். கண்ணில் குடியிருந்த அருள் தோலுக்கடியில் இறங்க இடம் பார்க்கிறது. பாக்கியசாலிகள் வரிசையில் நிற்கலாம்.