குனிந்தே நடப்பவர்

"வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால், "தண்ணி சப்ளைல இன்ஜினியர்" என்று நான் நாசூக்காகச் சொல்வேன். கேட்டவர் முகம் மலரும். பக்கத்தில் நிற்கிற மனிதர் சும்மா இருக்கமாட்டார். "குடிக்கிற தண்ணி இல்லீங்க, பாதாளச் சாக்கடை" என்று மார்பை நிமிர்த்தித் திருத்துவார். மலர்ந்த முகம் கைக்குட்டையைத் தேடும்.

இந்த ஜாதிக் கணவர்களைத் தெருவில் நடக்கவிட்டாலே அடையாளம் தெரிந்துவிடும். மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உலா. ஊரே அண்ணாந்து சப்பரத்தைப் பார்க்கிறது. இவர் மட்டும் குனிந்து நிற்கிறார். "அங்க பாரேன்!" என்றதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனேன். அவர் காட்டியது பழைய வார்ப்பிரும்பு மேன்ஹோல் மூடியை. சதுர மூடியைத் தூக்கி மூலைவாட்டில் பிடித்தால் குழிக்குள் விழுந்துவிடுமாம். வட்ட மூடியை எப்படித் திருப்பினாலும் விழாதாம். இந்த விளக்கம் முடிவதற்குள் நாயன்மார்களில் பாதிப்பேர் கடந்துபோய்விட்டார்கள்.

கல்யாணமான புதிதில் மெரினாவுக்கு அழைத்துப்போனார். கடலைப் பார்த்து நீளமாகப் பெருமூச்சு விட்டார். ஏதோ கவிதை வரப்போகிறது என்று காத்திருந்தேன். "தட்டையான ஊரு. சரிவே கிடையாது. எல்லாத்தையும் பம்ப் பண்ணித்தான் அனுப்பணும்" என்றார். பிறகு, கழிவுநீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் குழாயில் மண் தங்காது, தன்னைத்தானே கழுவிக்கொண்டு போகும் என்று சுண்டல் தீரும்வரை சொன்னார். அந்த வேகத்தில் அவர் ஒருநாளும் குளித்துவிட்டு வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

கூடத்தில் மீசைக்கார வெள்ளைக்காரர் ஒருவரின் படம் மாட்டியிருக்கிறது. ஜோசப் பேசல்ஜெட். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி, பார்லிமென்டே மூக்கைப் பொத்திக்கொண்ட பிறகு, லண்டனுக்குப் பாதாளச் சாக்கடை கட்டிக்கொடுத்தவர். என் மாமியாருக்குக் கண்பார்வை குறைவு. யாரோ குலத்துப் பெரியவர் என்று வெள்ளிக்கிழமைதோறும் படத்துக்குச் சந்தனம் வைத்துவந்தார். இவர் அதைத் தடுக்கவே இல்லை.

வீட்டில் அப்பளம் பொரித்த எண்ணெயை சிங்க்கில் ஊற்ற முடியாது. அது குழாயில் போய்க் கட்டிதட்டும். மழைக்காலத்தில் தூக்கமும் கிடையாது. தெருவில் தேங்கிய தண்ணீர் வடியட்டும் என்று யாராவது புண்ணியவான் மேன்ஹோலைத் திறந்துவிடுவார். மழைநீர் சாக்கடைக் குழாயில் புகுந்து, நாலு வீடு தள்ளி யாருடைய குளியலறையிலோ பொங்கும். திறந்தவர் நிம்மதியாகத் தூங்குவார். போன் இவருக்கு வரும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இவரிடம் வேடிக்கை செல்லாது. அடைப்பு எடுக்க மெஷின் வரத் தாமதமானால், "ஒரு ஆளை இறக்கிடலாமே சார், காசு நான் தர்றேன்" என்று சிலர் தாராளமாகச் சொல்வார்கள். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இவர் சட்டமெல்லாம் பேசமாட்டார். "உங்க பையனை இறக்குங்க, நான் கயிறு பிடிச்சுக்கறேன்" என்பார். விஷவாயுவில் யாராவது செத்தார்கள் என்று பேப்பரில் வந்த அன்று சாப்பிட உட்காரவும் மாட்டார்.

போன மாதம் பெண்ணுக்கு வரன் பார்க்கப் போயிருந்தோம். நல்ல குடும்பம், பையன் லட்சணம், கேசரியில் முந்திரி தாராளம். கை கழுவப் போன இவர் கொல்லைப்பக்கமே காணாமல் போனார். திரும்பி வந்தவர் என் காதில், "மொட்டைமாடி மழைத்தண்ணிக் குழாயைச் சாக்கடைல சேர்த்திருக்காங்க. இந்தச் சம்பந்தம் வேணாம்" என்றார்.

"பையன் குணத்தைப் பாருங்க" என்று அடக்கி உட்காரவைத்தேன். இருபத்தைந்து வருஷத் தாம்பத்தியம் என்னை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது பாருங்கள்: அந்தக் குழாயை அவருக்கு முன்பே, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, நான் பார்த்துவிட்டிருந்தேன்.