கோழிக்குக் கிடைத்த மரியாதை

எங்கள் யாழ்ப்பாணத் தீவகத்தில் அந்தக் காலத்தில் மருந்து குடிப்பதற்கு ஒரு தகுதி வேண்டும். மனிதருக்குக் காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவியல். அதற்கும் விடாவிட்டால்தான் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி. மாட்டுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. பரியாரியார் சைக்கிளில் வந்து குறி சுட்டு, வேப்பெண்ணெய் பூசி, வெற்றிலையும் போட்டுக்கொண்டு போவார். கோழிக்கு வைத்தியமே கிடையாது. தூங்கி விழத் தொடங்கினால் அன்றிரவு குழம்பு. பெனிசிலின் என்று சொல்லும்போது ஆச்சி குரலைத் தாழ்த்துவார். அது உயிர் போகிற நேரத்து மருந்து.

இப்போது கோழிதான் முதல் நோயாளி, அதுவும் நோய் வருவதற்கு முன்பே. புங்குடுதீவில் பெறாமகன் பிரொய்லர் வளர்க்கிறான். தண்ணீர்த் தாழியில் வெள்ளைப் பொடியைக் கரைத்துக்கொண்டு நின்றான்.

“குஞ்சுகளுக்கு என்னடா வருத்தம்?”

“வருத்தம் ஒண்டும் இல்லைச் சித்தப்பா. வரக்கூடாது எண்டுதான். நெருக்கத்திலை ஒண்டுக்கு வந்தா எல்லாம் போயிடும்.”

சொல்லிவிட்டு இருமினான். இரண்டு கிழமையாக இருமலாம். தனக்கு மருந்தெடுக்க நேரமில்லை.

இந்த மரியாதையை முதலில் தொடங்கிவைத்தது அமெரிக்கா. 1940களின் இறுதியில் லெடர்லி ஆய்வுகூடத்தில் ஔரியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தயாரித்தபோது மிஞ்சிய கழிவைக் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவை மளமளவென்று கொழுத்தன. அந்த ஆய்வுப் பிரிவை அதற்குக் கொஞ்சக் காலம் முன்புவரை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதில் நமக்கும் ஒரு பெருமை வைத்துக்கொள்ளலாம். நிறை கூடினால் காசு. பிறகு யார் விடுவார்கள்?

கொலிஸ்டினின் கதை இன்னும் விசேஷம். ஜப்பானில் மண்கிருமி ஒன்றிலிருந்து எடுத்த மருந்து இது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் வைத்தியர்கள் பெரும்பாலும் கைவிட்டார்கள். மனிதருக்கு ஆகாததுதானே என்று பன்றிக்கும் கோழிக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். பிறகு மற்ற மருந்துகள் கேட்காமல் போகவே, கொட்டிலுக்கு விட்டதை வாட்டுக்குத் திருப்பிக் கேட்டு வந்தார்கள். அதற்குள் கிருமி பாடம் படித்துவிட்டது. கொலிஸ்டினைத் தாங்கவைக்கும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தார்கள். ஒரு கிருமி இன்னொன்றுக்குக் கைமாற்றிக் கொடுக்கக்கூடிய சொத்து அது.

மருந்து கேட்காது, அவ்வளவுதானே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவ்வளவோடு நிற்கவில்லை. கிருமியின் வெளிச்சவ்வு எதிர் மின்னேற்றம் கொண்டது. கொலிஸ்டின் நேர் மின்னேற்றத்தோடு போய் ஒட்டி அதைக் கிழிக்கும். எம்சிஆர்-1 அந்தச் சவ்வின் மின்னேற்றத்தைக் குறைத்துவிடும். நம் உடம்பும் கோழியின் உடம்பும் கிருமியைக் கொல்லச் சுரக்கும் சின்னஞ்சிறு புரதங்கள் செய்வதும் அநேகமாகக் கொலிஸ்டினின் வேலையைத்தான். பட்டி வேலியைப் பாயப் பழகிய ஆடு, அதே உயரத்தில் அடைத்த தோட்டத்துக்கு வெளியே நிற்குமா? ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மரபணுவுள்ள ஈ.கோலை அப்புரதங்களைச் சராசரியாக 62 சதவீதம் கூடுதலாகத் தாங்கியது. மனித இரத்தச் சீரத்திலும் எளிதில் சாகவில்லை. மெழுகுப்பூச்சிப் புழுக்களில் ஏற்றியபோது கூடுதலாகக் கொன்றது. அந்தப் புழுக்களுக்கு யாரும் கொலிஸ்டின் கொடுக்கவில்லை. கோழிக்கு ஊற்றிய மருந்து, மருந்தே குடிக்காதவனுடைய உடம்பையும் எதிர்க்கக் கிருமியைப் பழக்கிவிட்டிருக்கிறது.

சீனா 2017இல் கொலிஸ்டினைத் தீவனத்திலிருந்து விலக்கியது. அதன்பின் அங்கே இந்த மரபணு குறைந்தது. இந்தியா 2019இல் உணவுக்கான விலங்குகளுக்குத் தடை செய்தது.

இதையெல்லாம் பெறாமகனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

“வீட்டுச் சாப்பாட்டுக்கு நாங்கள் இதைத் தொடுறேல்லைச் சித்தப்பா. பின்வளவிலை ஊர்க்கோழி நிக்குது. அதுகளுக்கு ஒரு மருந்தும் இல்லை. கனடாவிலையிருந்து வாற ஆக்களும் அதைத்தான் கேக்கினம், என்ன விலையெண்டாலும்.”

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். ஊர்க்கோழிகள் நல்ல வாளிப்பாகத்தான் இருந்தன. பிரொய்லர் கூட்டிலிருந்து அள்ளிக் கொட்டிய எருக்குவியலில் நின்று கிண்டிக்கொண்டிருந்தன.