பெட்டியைக் கட்டலாமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை இடம். பருத்தி, நெசவு, மல்லிகை, மழை என்று எதை எதையோ தொட்டாலும், எல்லாக் கேள்விகளும் கடைசியில் பஸ் ஸ்டாண்டில் போய்த்தான் நிற்கின்றன.

வேகமாக வளருகிற மாநிலத்துக்குக் குடிபோனால் நாமும் வேகமாக வளரலாம் என்கிறான் என் மைத்துனன். எந்த மாநிலம் என்று சொன்னால் பெட்டியைக் கட்டிவிடுவேன்.
*(பந்தல்குடியிலிருந்து ஒரு பருத்தி விவசாயி)*

கட்டியிருந்தால் அவிழ்த்துவிடலாம். 2024-25-இல் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்தது; பெரிய மாநிலங்களில் அதுதான் முதலிடம். ஆக, வாசகர் வேகமாக வளரும் மாநிலத்துக்கு ஏற்கெனவே குடிவந்துவிட்டார், பிறந்த அன்றே. தகவல்தான் பந்தல்குடிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. அந்த 11.19-இல் ஸ்ரீபெரும்புதூரின் கார் கம்பெனிகளும் ஓசூரின் தொழிற்பேட்டைகளும் அடக்கம். 2018-இல் மத்திய அரசு நாடு முழுக்கப் பின்தங்கிய மாவட்டங்களைப் பொறுக்கி ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பெயர் வைத்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போனவை இரண்டே: ராமநாதபுரம், நம் விருதுநகர். ஒரே மாநிலம்தான். ஒரு கோடியில் விழைகிறார்கள், மறுகோடியில் விளைகிறது.

கரிமூட்டம் போடுகிறவன் நான். குஜராத்தில் தொழில் கொடிகட்டிப் பறக்கிறதாமே, அங்கே கட்டட வேலைக்குப் போகலாமா?
*(நரிக்குடிப் பக்கம், ஒரு கரிமூட்டத் தொழிலாளி)*

கரிமூட்டம் தெரியாத நகரத்து வாசகர்களுக்காக இரண்டு வரி. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, மண் பூசி மூடி, ஒரு துவாரம் வழியாகத் தீ வைப்பார்கள். நாள்கணக்கில் புகைய வேண்டும், எரியக் கூடாது. எங்காவது விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். அதனால் மூட்டம் போட்டவருக்கு ராத்தூக்கம் கிடையாது. இவ்வளவு கவனம் தெரிந்தவர் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வார்.

கூலியை மட்டும் முதலில் பார்த்துவிட வேண்டும். ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்குப்படி, கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 850 ரூபாயைத் தாண்டியது. தமிழ்நாட்டில் 500 ரூபாய் அளவு. குஜராத்தில் 325 ரூபாயைக்கூட எட்டவில்லை. கொடி அங்கே பறக்கிறது என்பது உண்மைதான். கொடிக்கம்பம் நடுகிறவருக்கு என்ன கூலி என்பது வேறு கணக்கு. கரிமூட்டத்தைவிட்டுப் போவதென்றால் ரயிலில் இரண்டு ராத்திரி போக வேண்டியதில்லை. செங்கோட்டையைத் தாண்டினாலே கேரளம்.

எங்கள் ஊர்க்காரர் யாராவது வெளியூர் போய்ப் பேர் எடுத்திருக்கிறார்களா? சும்மா ஒரு தெம்புக்காகக் கேட்கிறேன்.
*(திருச்சுழியிலிருந்து ஒரு பட்டதாரி)*

ஒருவர் இருக்கிறார், ஆனால் அவரைப் பின்பற்றுவது சிரமம். 1879 டிசம்பர் 30-இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், தந்தை 1892-இல் இறந்தபின் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போனார். 1896-இல் அண்ணன் தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டச் சொல்லிக் கொடுத்த 5 ரூபாயில் வழிச்செலவுக்கு 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சம் 2 ரூபாயைச் சீட்டோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயிலேறினார். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

வேலை, சம்பளம், வாடகை முன்பணம் எதுவும் விசாரிக்காமல் போய், திரும்பி வராமலே இருந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். அவர் கதையிலும் ஒரு விஷயம் எல்லோருக்கும் பொது. 1916-இல் அம்மா அழகம்மாள் வந்து சேர்ந்தபிறகுதான் அங்கே ஒழுங்காக அடுப்பு மூட்டிச் சமையல் நடந்தது.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வருகிற நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறோம். பெங்களூரில் இந்தப் பாடு இருக்காதல்லவா?
*(அருப்புக்கோட்டையிலிருந்து ஓர் இல்லத்தரசி)*

2024 மார்ச்சில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, லாரித் தண்ணீர் விலை எகிறி, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் பாதி வாளித் தண்ணீரில் குளிப்பது எப்படி என்று ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொண்டார்கள். அருப்புக்கோட்டைப் பெண்கள் இதற்குப் பயிற்சி வகுப்பே நடத்தலாம்.

அந்த ஆண்டு அக்டோபரில் காவிரிக் குடிநீரின் ஐந்தாம் கட்டம் தொடங்கி நிலைமை கொஞ்சம் தேறியது. வீடு பார்க்கும்போது எத்தனை அறை என்று கேட்பதற்கு முன், காவிரி இணைப்பா, போர்த் தண்ணீரா, லாரியா என்று கேட்டுக்கொள்வது நல்லது. முன்பணமாகப் பத்து மாத வாடகை வரை கேட்கும் வழக்கமும் அந்த ஊரில் உண்டு. அதைக் கேட்டதும் தொண்டை வறளும். அதற்காகவாவது தண்ணீர் வேண்டும்.

மகன் அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறான். அவர் மட்டும் பெங்களூர் போவதா, குடும்பத்தோடு போவதா?
*(பாளையம்பட்டியிலிருந்து ஓர் அம்மா)*

இந்த மாதக் கேள்விகளில் அதிகம் யோசிக்க வேண்டியது இதுதான். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மறு ஆண்டே பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நடுவில் ஒரு வருடம் வெளியே போனாலும் அந்த வாசல் அடைத்துவிடும். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் பள்ளிக் கணக்கு முக்கியம்.

சரி, கர்நாடகத்தில் படித்துக் கர்நாடக ஒதுக்கீட்டில் சேரலாமே என்றால், அங்கே பொதுவிதி குறைந்தது 7 ஆண்டு அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும் என்கிறது. எட்டாவது முடித்துப் போகிற பையனுக்குப் பன்னிரண்டாவது வரை கிடைப்பது நான்கே ஆண்டு. இருப்பிடச் சான்று காட்டித் தமிழ்நாட்டின் பொதுப் போட்டியில் கலந்துகொள்ளலாம். அரசுப் பள்ளிச் சலுகை போனது போனதுதான். ஒன்று, பிள்ளை ஐந்தாவது முடித்தபோதே போயிருக்க வேண்டும். இல்லையேல் பன்னிரண்டாவது முடியட்டும். அதுவரை அப்பா மட்டும் போய், சமையல் கற்றுக்கொள்ளலாம்.

ரேஷன் கார்டை என்ன செய்வது?
*(எம்.ரெட்டியபட்டி)*

முதலில் அதை எடுத்துப் பார்க்க வேண்டும். பிஎச்எச் என்று இருந்தால் முன்னுரிமைக் கார்டு. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் பெங்களூர்க் கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். அங்கே போனவர் தன் பங்கையும் ஊரில் இருப்பவர்கள் மிச்சத்தையும் வாங்க வழியுண்டு. என்பிஎச்எச் என்று இருந்தால் அந்தக் கார்டுக்கு எல்லைக்கு அப்பால் மரியாதை இல்லை. எல்லாக் கார்டுக்கும் அரிசி என்பது தமிழ்நாட்டு வழக்கம், மற்ற மாநிலங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல.

கார்டையே கர்நாடகத்துக்கு மாற்றிவிட்டால் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடும். அங்கே கிருஹலட்சுமி 2,000 ரூபாய், ஆனால் அதற்கு அந்த ஊர் ரேஷன் கார்டு வேண்டும். பெண்களுக்கு அங்கேயும் பஸ் இலவசம். கர்நாடக முகவரியோடு அடையாள அட்டை கேட்பார்கள். நம் டவுன் பஸ் கண்டக்டர் எந்த ஊர் என்று பெண்களிடம் கேட்பதே இல்லை. சம்பளம் எல்லை தாண்டும், சலுகை தாண்டாது.

சாதிச் சான்றிதழாவது தாண்டுமா?
*(கல்லூரணி)*

ஒரு வழக்கைச் சொன்னால் புரியும். ஆந்திரத்தில் பழங்குடிச் சான்று பெற்ற குடும்பம். தந்தைக்குப் பொதுத்துறை நிறுவனத்தில் வேலை கிடைத்து பம்பாய்க்குக் குடிபோனது. மகன் மகாராஷ்டிரத்தில் பழங்குடி ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கேட்டார். மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று பெயர். 1990-இல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது: பட்டியல் அந்தந்த மாநிலத்துக்கானது, சொந்த மாநிலத்தில் உள்ள தகுதி குடிபோன மாநிலத்தில் செல்லாது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலையும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. மத்திய அரசு வேலைக்கு ஊர்ச் சான்று செல்லும் என்பதால், தாலுகா ஆபீஸ் தொடர்பை அறுத்துக்கொள்ள வேண்டாம்.

வடக்கே முறுக்குக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள். என் தம்பிக்கு 13 வயது. அம்மா கையில் முன்பணம் தருகிறேன் என்கிறார் ஏஜெண்ட்.
*(ஊர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)*

இதற்கு நகைச்சுவையாகப் பதில் சொல்ல முடியாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். தென்மாவட்டப் பிள்ளைகள் வெளிமாநில முறுக்குக் கம்பெனிகளிலிருந்து மீட்கப்பட்ட செய்திகள் பல முறை வந்திருக்கின்றன. பணத்தை வாங்க வேண்டாம். வாங்கியிருந்தாலும் பிள்ளையை அனுப்ப வேண்டாம். 1098-க்கு இன்றே போன் செய்யவும்.

டிஎன் 67 நம்பர் பைக்கோடு போனால் காவிரிச் சண்டையில் மாட்டிக்கொள்வேனா?
*(காரியாபட்டி)*

1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பர் 12-லும் பெங்களூரில் தமிழ்நாட்டுக்காரர்களும் தமிழ்நாட்டு வண்டிகளும் தாக்கப்பட்டது வரலாறு. 18 ஆண்டு மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலை 2009-இல் அதே ஊரின் அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட்டதும் வரலாறுதான். வேடிக்கை என்னவென்றால், காரியாபட்டிக்காரர் காவிரித் தண்ணீரில் கால்கூட நனைத்ததில்லை. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில்தான் அடிக்கல் நட்டார்கள். வராத தண்ணீருக்காக அடி வாங்குவது அநியாயம்.

கலவரம் எப்போதோ ஒருமுறை. ஆர்.டி.ஓ. தினமும் இருப்பார். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். பழைய பைக்கை ஊரிலேயே விற்றுவிடுவது லாபம்.

கன்னடம் கற்பது கஷ்டமா?
*(சேர்வைக்காரன் பட்டியோ வேறெதுவோ, கையெழுத்து புரியவில்லை)*

அருப்புக்கோட்டையில் சௌடாம்பிகை அம்மனைக் கும்பிடும் தேவாங்க நெசவாளர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். கன்னடமோ தெலுங்கோ வீட்டுப் பேச்சாகக் கொண்டு, தறியோடு தெற்கே வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். கரிசலில் தெலுங்கு பேசும் ரெட்டியார், நாயுடு ஊர்களும் அப்படி வந்தவைதான். நாயக்கர் காலத்தில் ‘வேகமாக வளரும் மாநிலம்’ என்று சொல்லி இங்கே வந்தவர்கள். அன்றைக்கு அவர்களுடைய மைத்துனன் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

நம் பையன்கள் வெளியே போகிறார்கள், மில்லில் ஒடிசா, பீகார்ப் பையன்கள் வேலை செய்கிறார்கள். இது என்ன கூத்து?
*(அருப்புக்கோட்டை, ஓய்வுபெற்ற மில் தொழிலாளி)*

பந்தல்குடிக்காரரின் மைத்துனன் பேசிய அதே பேச்சை அந்தப் பையன்களின் மைத்துனர்களும் பேசியிருக்கிறார்கள். அவர்கள் ஊர்க் கூலிக்கு நம் 500 ரூபாய் பெரிது; நம் பையனுக்கு பெங்களூர்ச் சம்பளம் பெரிது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, ரயில் ரயிலாக ஆட்கள் ஊர் திரும்பியபோது, தவித்துப் போனவர்கள் மில் முதலாளிகள். பெங்களூரில் அடிவிழுமோ என்று பயப்படுகிறவர், மில் வாசலில் நிற்கும் ஒடிசாப் பையனை ‘வாப்பா’ என்று கூப்பிடலாம்.

எல்லாம் சரி. பொங்கலுக்கு ஊருக்கு வர டிக்கெட் கிடைக்குமா?
*(பெங்களூரிலிருந்து, முன்னாள் அருப்புக்கோட்டைக்காரர்)*

பெங்களூரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு நேர் ரயில் இல்லை. மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் விருதுநகர் வந்து பஸ் பிடிக்க வேண்டும். ஆம்னி பஸ் கட்டணம் பண்டிகைக்கு எங்கே போகும் என்று அவருக்கே தெரியும். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஜனவரி 13-ஆம் தேதி ரயிலேற, நவம்பர் 14 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். அன்று குழந்தைகள் தினம். பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்குவதை எட்டரை மணிக்குத் தள்ளிவைக்கலாம், டிக்கெட்டைத் தள்ளிவைக்க முடியாது.