காதியாரும் 471உம்

1344ஆம் ஆண்டு புத்தளம் கரையில் ஒரு மொரோக்கோக்காரர் வந்து இறங்கினார். இறங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. காற்று கொண்டுவந்து தள்ளிவிட்டது. மாலைதீவில் காதியாராக இருந்து, அங்கத்தைய பெண்களை மேலுடுப்பு உடுத்தச் சொல்லிச் சொல்லித் தோற்று, இடையில் நாலு கலியாணமும் முடித்து, வசீரோடு முறைத்துக்கொண்டு கப்பலேறிய இப்னு பதூதாதான் அவர். கப்பல் தலைவனுக்கு இந்தக் கரையைக் கண்டதும் தொடை நடுங்கியது. இங்கே ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தி கடலிலும் கைவைக்கிறவர் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். பதூதா அசரவில்லை. நேரே போய் அரசரோடு பாரசீகத்தில் பேசி, முத்துகளைப் பரிசாக வாங்கி, பாவாத மலைக்கு, அதாவது சிவனொளிபாத மலைக்கு, போகப் பல்லக்கும் வாங்கிக்கொண்டார். அரசாங்கச் செலவில் ஊர் சுற்றும் கலையில் அவரை இன்றுவரை எந்த அமைச்சரும் வெல்லவில்லை.

அவர் எழுதிவைத்த சங்கதிகளில் ஒன்று கறுவா. காட்டாற்று வெள்ளம் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் கரையில் குன்றுபோலக் குவிந்து கிடந்தனவாம். மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்தவர்கள் காசு கொடுக்காமல் அள்ளிப்போனார்கள்; அரசருக்குக் கொஞ்சம் துணிமணி, அவ்வளவுதான். இன்றைக்குக் கேக் பொதியின் பின்பக்கத்தில் ‘சுவையூட்டி’ என்று பொடி எழுத்தில் கிடப்பவருக்கு அந்தக் கட்டைதான் பூட்டன்.

இனி வருவது பதூதா எழுதாதது. விடைபெறும்போது அரசர் வழிச்செலவுக்கென்று ஒரு பிளாஸ்டிக் பொதி ஸ்பொஞ்ச் கேக்கையும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? காதியார் பொதியைத் திருப்புகிறார். கோதுமை மா, சரி. சீனி, சரி. முட்டைத் தூள், யாரப்பா முட்டையைத் தூளாக்கினது, சரி, அதுவும் போகட்டும். கடைசி வரியில் 471.

அங்கேதான் மனிதர் உட்கார்ந்திருப்பார். 471 என்பது கொழுப்பமிலங்களின் மோனோ, டைகிளிசரைட்டுகள். எண்ணெயும் தண்ணீரும் ஜென்மப் பகையாளிகள். நடுவில் நின்று இரண்டு பேரின் கையையும் பிடித்துவைப்பது இதன் வேலை. கேக் மாவில் காற்றுக் குமிழியைக் கலையவிடாது. வேகவைத்த பின்பு மாப்பொருளோடு ஒட்டிக்கொண்டு கேக் இறுகிப் பழசாவதையும் தள்ளிப்போடும். எல்லாம் நல்ல பழக்கம். சிக்கல் என்னவென்றால் அந்தக் கொழுப்பு செடியிலிருந்தும் வரலாம், மிருகத்திலிருந்தும் வரலாம். எண்ணைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. மிருகம் என்றால் எந்த மிருகம், அறுத்தது யார், பிஸ்மி சொன்னது யார்? பாவாத மலை காத்திருக்க, பதூதா புத்தளத்திலேயே உட்கார்ந்து தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்திருப்பார். இன்று பொதியில் ஹலால் முத்திரையைத் தேடுகிற புத்தளத்து உம்மாமார் செய்வது அதே வேலைதான். அவர்களுக்குப் பல்லக்குத்தான் இல்லை.

பதூதாவுக்குப் பிறகு இந்தக் கரைக்கு வந்தவர் எவரும் சும்மா வரவில்லை. சாப்பாடு கெடாமல் இருக்க எது உதவுமோ அதைத் தேடி வந்தார்கள், அல்லது கொண்டுவந்தார்கள். போர்த்துக்கேயர் பிரேசிலின் கஜு மரத்தை இறக்கினார்கள். புத்தளத்து மணல் அதற்குப் பிடித்துப்போயிற்று. அந்தக் கஜு, ரவை, எக்கச்சக்க மஞ்சள் கரு, அதைவிட எக்கச்சக்கச் சீனி என்று உருவானது லவ் கேக். அது நாள்கணக்கில் கெடாமல் கிடப்பதைப் பாட்டிமார் தங்கள் கைராசி என்பார்கள். உண்மையில் அது சீனியின் கைங்கரியம். கேக்கில் ஈரம் இருக்கும், ஆனால் சீனி அதை இறுகப் பிடித்துவைத்துக்கொள்ளும். பூஞ்சணம் தாகத்தில் சாகும். பொதிக் கேக்கில் இதே வேலையை 422 கிளிசரோலும் 420 சோர்பிட்டோலும் செய்கின்றன. அதையும் மீறி வருகிற பூஞ்சணத்தை 202 பொட்டாசியம் சோர்பேட் கவனித்துக்கொள்ளும்.

ஒல்லாந்தருக்கு உப்பில் கண். 1667இல் தொடங்கி 1676இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டி முடித்து, களப்பின் வாயில் உட்கார்ந்துகொண்டு கண்டி அரசனின் புத்தளத்து வியாபாரத்தின் கழுத்தைப் பிடித்தார்கள். 1766 உடன்படிக்கையில் கரை முழுவதையும் எழுதி வாங்கிய பிறகு, புத்தளத்திலும் சிலாபத்திலும் கண்டிக்காரர் உப்பு அள்ளிக்கொள்ளலாம் என்று பெரிய மனதோடு அனுமதித்தார்கள். அதற்கு முன்பு அது கண்டிக்காரரின் உப்பு.

ஆங்கிலேயன் உப்பு, கறுவா எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தேங்காயைப் பார்த்தான். லண்டன் கேக்குக்கு மேலே தூவ வெள்ளைத் துருவல் வேண்டும். தேங்காயோ கப்பலில் அழுகும். 1880களின் கடைசியில் இலங்கையில் துருவி உலர்த்தும் தொழில் தொடங்கியது. சிலாபம், குருநாகல், நீர்கொழும்பு வட்டாரத்தில் டி.சி. (உலர்த்திய தேங்காய்த் துருவல்) மில்கள் முளைத்தன. சிரட்டையைத் தட்டி, பழுப்புத் தோலைச் சீவி, கழுவி, அரைத்து, சூடான காற்றில் உலர்த்தி, சலித்துப் பெட்டியில் அடைப்பார்கள். பழுப்பேறாமல் இருக்கக் கந்தக டைஒக்சைட்டும் சேர்க்கலாம். லேபிளில் 220 என்று வருகிற ஆள் அவர்தான். ஆக, மணக்க மணக்கப் பாற்சோறு தின்ற கரைதான் உலகத்துக் கேக்குகளுக்கு ‘பதப்படுத்திய’ பண்டம் அனுப்பியது.

1950களின் கடைசியில் பிரித்தானியாவில் அந்த வெள்ளைத் துருவலைச் சோதித்தபோது உள்ளே சல்மனெல்லா உட்கார்ந்திருந்தது. உலர்ந்த பண்டத்தில் அது வளராது. ஆனால் சாகவும் சாகாது, பொறுமையாகக் காத்திருக்கும். கொழும்பு பதறிப்போய்ச் சட்டம் போட்டது. தேங்காய்த் துண்டுகளைக் கொதிநீரில் காட்டாமல் துருவக் கூடாது என்றானது. பதப்படுத்தல் என்றாலே முகம் சுளிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: அந்தக் கொதிநீரும் பதப்படுத்தல்தான், அது உயிர் காத்தது. 471ஐக் கண்டு எனக்குப் பயம் இல்லை. பொதியின் பட்டியலில் எடை கூடியது முதலில் வரும். அங்கே சீனியும் எண்ணெயும் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருக்க, நாம் கடைசி வரியில் நிற்கிற எண்களைப் பிடித்து உலுக்குகிறோம். 2019இல் இலங்கையில் தின்பண்டப் பொதிகளுக்கும் நிற வட்டம் வந்தது. 100 கிராமில் சீனி 22 கிராமைத் தாண்டினால் சிவப்பு. பொதிக் கேக்கில் பெரும்பாலானவை கூச்சமில்லாமல் சிவக்கும்.

அந்த எண்ணெய் எது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிற லுணுவில இதே புத்தளம் மாவட்டம். தலைக்கு மேலே தேங்காய் தொங்குகிறது. கையிலுள்ள கேக்கில் பாமாயில். விலை மலிவு, லேசில் சிக்கு வாடை வராது, அறை வெப்பத்தில் பாதி இறுகி நிற்கும். 2021 ஏப்ரலில் பாமாயில் இறக்குமதிக்குத் தடை என்று ஜனாதிபதி அறிவித்தார். பிஸ்கட்காரரும் பேக்கரிக்காரரும் அலறிய அலறலில் தடை தளர்ந்து அனுமதிப்பத்திரமாக மாறியது. அரசாணைக்கே ஆயுள் இவ்வளவுதான். 202 சேர்க்கவில்லை போலும்.

லேபிளே வேண்டாம் என்கிறவர்களுக்கு மாலையில் பீத்தோவன் வருவார். முச்சக்கர வண்டியில், கண்ணாடிப் பெட்டிக்குள் பணிஸும் கேக் துண்டும் அடுக்கி, ‘ஃபூர் எலிஸ்’ பாட்டைக் கதறவிட்டு. பாண் மாவை உறுதியாக்கி உப்ப உதவுகிற பொட்டாசியம் புரோமேட்டை இலங்கை 2001இல்தான் தடைசெய்தது; அதுவரை யார் போட்டார், யார் போடவில்லை என்று பணிஸைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடிந்திருக்காது. இதில் என்னென்ன சேர்த்திருக்கு தம்பி என்று எங்கள் தெருவில் ஒரு ராத்தா கேட்டார். “நான் பாட்டுப் போடுற ஆள் ராத்தா. உள்ளுக்கு என்ன கெடக்குன்னு பேக்கரிக்காரர்ட்ட கேளுங்க. பணிஸ் எத்தன?”