மூடி போடாத மனிதர்

கரண்ட் போய்த் திரும்பி வந்தால் எங்கள் தெருவில் மற்ற வீடுகளில் விளக்கு எரியும். எங்கள் கீழ்வீட்டில் மிக்ஸி ஓடும். கூடவே ஹால் ஃபேன், வாசல் விளக்கு, பூஜையறை சீரியல் பல்பு, மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் என்று அத்தனையும் ஒரே சமயத்தில் உயிர் பெறும். அடுத்து வரிசையாக 'டிக், டிக், டிக்' என்று சத்தம். எல்லாம் அடங்கிவிடும். அப்புறம் வீட்டுக்காரர் குரல் மட்டும் கேட்கும்: "ஒண்ணுமில்லை, பூட் ஆகுது!"

மேல் போர்ஷனில் நாலு வருஷமாகக் குடியிருக்கிறேன். முதல் தடவை இது நடந்தபோது பதறிப்போய் இறங்கி ஓடினேன். அவர் பனியனும் வேட்டியுமாக, நெற்றியில் ஒரு டார்ச்சைக் கட்டிக்கொண்டு, சுவிட்ச் போர்டுக்கு முன்னால் தியானத்தில் இருந்தார். "ஏன் சார் இப்படி?" என்றேன்.

"தம்பி, அந்த நீல ரிலே போர்டு ஆக்டிவ் லோ."

ஆக்டிவ் லோ என்பது பல்லாவரம் பக்கத்தில் ஏதோ லேஅவுட் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் விளக்கினார். உலகத்தில் எல்லாம் மின்சாரம் கொடுத்தால் ஓடும். சிப்பு சொன்னபடி சுவிட்சைப் போடும் இந்த ரிலே போர்டு மட்டும், சிக்னல் காலில் வோல்டேஜ் இறங்கினால்தான் 'ஆன்' ஆகும். கரண்ட் வந்த முதல் நொடியில் சிப்புக்குத் தூக்கம் தெளிந்திருக்காது. காலெல்லாம் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். ரிலே அதையே உத்தரவு என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டால் சரியாகிவிடுமாம். அதையும் அவரேதான் சொன்னார். இப்போது நாலு வருஷம் ஆகிறது. "அது வெர்ஷன் மூணுல வருது."

இவர் ஒருவர்தான் என்று நினைக்க வேண்டாம். உங்கள் தெருவிலும் ஒருத்தர் இருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். ஆள்காட்டி விரல் நுனியில் சால்டரிங் அயர்ன் சுட்ட தழும்பு. ஓட்டலில் பார்சல் வாங்கினால் மற்றவர்கள் சாம்பாரைப் பார்ப்பார்கள். இவர் டப்பாவைப் பார்ப்பார். காலி டப்பாவைக் கழுவித் துடைத்து, பக்கவாட்டில் சூடான கம்பியால் ஓட்டை போட்டு, உள்ளே ஒரு சர்க்யூட்டை உட்கார வைத்துவிடுவார். எங்கள் வீட்டுக்காரரின் கண்டுபிடிப்புகளில் பாதி ரசகுல்லா டப்பாவில்தான் வசிக்கின்றன. ஒன்றுக்கும் மூடி கிடையாது. மூடி போட்டால் வேலை முடிந்துவிட்டது என்று ஆகிவிடும். அதற்கு அவர் மனசு ஒப்பாது.

வியாதி சின்ன வயதிலேயே தொற்றியது. பள்ளிக்கூடக் கண்காட்சியில் கை தட்டினால் எரியும் விளக்கு செய்து பரிசு வாங்கியவர். 555 என்ற எட்டுக்கால் டைமர் ஐ.சி. 1972-ல் கடைக்கு வந்தது. தனக்குத் தம்பி பிறந்ததுபோல அந்த வருஷத்தைச் சொல்வார். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் வேலை. ரிட்டயர் ஆனதும் பிள்ளை வாங்கிக் கொடுத்தது ஒரு ஆர்டுயினோ போர்டு. இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில் 2005-ல் மாணவர்களுக்காகச் செய்தது அது. அந்த ஊரில் அவர்கள் கூடிப் பேசிய மதுக்கடையின் பெயர்தான் அதற்கும் வைத்தார்கள். இந்த ஒரு விவரத்தை மட்டும் அவர் வீட்டம்மாவிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு 2012-ல் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர். அதுகூடப் பரவாயில்லை, விலை கொஞ்சம் கையைக் கடிக்கும். 2014-ல் சீனாவிலிருந்து இ.எஸ்.பி. 8266 வந்ததே, அதுதான் குடும்பங்களுக்குச் சனி பிடித்த வருஷம். வைஃபையோடு சேர்ந்த ஒரு குட்டிச் சிப்பு, இரண்டு பேர் சினிமாவுக்குப் போகிற காசுக்குள். ஃபேனுக்கு ஒன்று, பல்புக்கு ஒன்று, துளசி மாடத்துக்கு ஒன்று என்று வாங்க ஆரம்பித்தார்.

வாங்கும் இடம் ரிச்சி தெரு. மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சந்துக்குச் சந்து வயரும் போர்டுமாகத் தொங்கும். "ஒரு ரெசிஸ்டர் வாங்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்புவார். அங்கே ஒன்று கேட்டால் கடைக்காரர் தலையே நிமிர மாட்டார், குறைந்தது பத்து. பத்து வாங்கினவர் பக்கத்துக் கடையில் சென்சாரைப் பார்ப்பார், எதிர்க்கடையில் டிஸ்ப்ளேயைப் பார்ப்பார். சாயங்காலம் இரண்டு பைகளோடு ஆட்டோவில் வந்து இறங்குவார். "என்னங்க, அந்த ரெசிஸ்டர்?" என்று வீட்டம்மா கேட்பார். அதை மறந்திருப்பார்.

மொட்டைமாடித் தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி. நிரம்பினால் ஒரு அம்மையார் குரல் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சும் டப்பா ஒன்று முன்பு இருந்தது. நம் ஊரில் பாதி வீடுகளில் இருப்பதுதான். அது தன் படிப்புக்கு அவமானம் என்று கழற்றி வீசினார். முதலில் இரண்டு செப்புக் கம்பியைத் தண்ணீருக்குள் விட்டார். தண்ணீர் தொட்டால் கரண்ட் பாயும், அவ்வளவுதான் தத்துவம். டி.சி. கரண்ட் ஓடிக்கொண்டே இருந்ததால் ஒரு கம்பி கரைந்து பச்சைக் களிம்பாகிவிட்டது. அந்தத் தண்ணீரில்தான் நாங்கள் பல் தேய்த்தோம் என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டோம்.

அடுத்து, இரண்டு கண் வைத்த அல்ட்ராசானிக் சென்சார். நம் காதுக்கு எட்டாத 40 கிலோஹெர்ட்ஸ் சத்தத்தை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் போடும் சாதனம். தொட்டிக்குள் இருக்கும் ஈரத்தில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் துருப்பிடித்தது. சரி என்று நீர் புகாத ரகம் வாங்கினார். இது ஒற்றைக் கண். அதே கண்தான் சத்தம் போட வேண்டும், அதே கண்தான் கேட்கவும் வேண்டும். தண்ணீர் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டால், தன் சத்தம் அடங்குவதற்குள் எதிரொலி வந்து சேர்ந்துவிடும். இதற்குக் காதில் விழாது. மைக் கிடைத்த சில பேச்சாளர்களுக்குப் பக்கத்தில் துண்டுச் சீட்டோடு நிற்பவர் கண்ணில் படாததுபோல.

ஆக, தொட்டி காலியாக இருக்கும் வரை துல்லியமாகச் சொன்னது. நிரம்புகிற சமயத்தில்தான் அதற்குத் தெரியாமல் போயிற்று. செல்போனில் '78 சதவீதம்' என்று காட்டிக்கொண்டிருந்தபோது சன்ஷேடிலிருந்து அருவி கொட்டியது. எதிர்வீட்டம்மா பால்கனியிலிருந்து, "மோட்டாரை நிறுத்துங்க சார்!" என்று கத்தினார். எங்கள் தெருவில் இதுவரை ஒருநாள்கூடப் பழுதாகாத சென்சார் அவர்தான். இவரோ மோட்டாரை நிறுத்தாமல் முதலில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். "டேட்டா வேணும் தம்பி." பிறகு ஒரு துண்டு பி.வி.சி. பைப்பை மூடிமேல் நட்டு, சென்சாரை உயரத்தில் ஏற்றி, அதைச் சரிசெய்தார். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் அதைப் பிரித்துவிட்டார், இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று.

குளியலறைக் கதை இதைவிட மோசம். உள்ளே ஆள் இருந்தால் விளக்கு எரிய வேண்டும், இல்லையென்றால் அணைய வேண்டும் என்று ஒரு பி.ஐ.ஆர். சென்சார் வைத்தார். அந்தச் சென்சாருக்கு ஆள் இருப்பது தெரியாது, உடம்புச் சூடு அசைவதுதான் தெரியும். அசையாமல் உட்கார்ந்தால் ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடும். நம் குளியலறைகளில் எதற்காக அசையாமல் உட்காருகிறோம் என்பதை எழுதத் தேவையில்லை. மதுரையிலிருந்து வந்த அவர் மச்சினர் முதல் நாளே இருட்டில் மாட்டிக்கொண்டார். "மச்சான், கையை ஆட்டுங்க!" என்று இவர் வெளியிலிருந்து யோசனை சொன்னார். உள்ளேயிருந்து வந்த பதிலை இங்கே எழுத முடியாது.

அந்த மே மாதம் அக்கினி நட்சத்திரத்தில் கையை ஆட்டியும் விளக்கு எரியவில்லை. காரணம் நியாயமானதுதான். உடம்புச் சூட்டுக்கும் சுவர்ச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அந்தச் சென்சார் ஆளைக் கண்டுபிடிக்கிறது. சென்னையில் அறைச்சூடு 37 டிகிரியைத் தொட்டபோது அதற்கு மனுஷனும் சுவரும் ஒன்றாகிவிட்டார்கள். அன்றிலிருந்து குளியலறை ஜன்னலில் ஒரு மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் இருக்கின்றன.

வாசல் விளக்கைப் பற்றி ஒரு வரி போதும். இருட்டினால் தானாக எரியும்படி ஒளி சென்சார் வைத்தார், விளக்குக்கு நேர் கீழே. இருட்டியது, விளக்கு எரிந்தது. சென்சார் வெளிச்சத்தைப் பார்த்து விடிந்துவிட்டது என்று அணைத்தது. அணைந்ததும் மறுபடி ராத்திரி. கல்யாண வீடு என்று நினைத்து ஒருவர் மொய்க்கவரோடு உள்ளே வந்துவிட்டார்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், "கரண்ட் மிச்சம்" என்பார். ஒருநாள் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வீட்டில் 12 டப்பாக்கள். அடாப்டரோடு சேர்த்து டப்பாவுக்கு ஒரு வாட் என்றே வையுங்கள். ராப்பகல் அறுபது நாள் ஓடினால் 17 யூனிட்டுக்கு மேல். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை அணைக்கவே மறந்து இரண்டு மாதமும் எரியவிட்டால்கூட 13 யூனிட்டைத் தாண்டாது. அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் சும்மா தருகிறது. அதில் ஆறில் ஒரு பங்கு, விளக்கு அணைந்திருக்கிறதா என்று காவல் காப்பதற்கே போகிறது. கணக்கைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை சரிபார்த்தார். "கரெக்ட்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ ஒவ்வொரு டப்பாவும் எவ்வளவு இழுக்குதுன்னு அளக்க ஒரு டப்பா செய்யணும்."

அவர் வீட்டம்மா எதிலும் தலையிடுவதில்லை. ஃபேன் வேண்டுமென்றால் ஒட்டடைக் குச்சியின் அடிப்பக்கத்தால் உயரத்தில் உள்ள பழைய சுவிட்சைத் தட்டிப் போட்டுக்கொள்வார். அந்தச் சுவிட்சின்மேல் 'அமுக்காதே' என்று ஒட்டிய காகிதம் குச்சி பட்டுப் பட்டுக் கிழிந்திருக்கிறது. வைஃபை போனால் இவர் வீடே இருண்டுவிட்டதுபோல அலைவார். வீட்டம்மா குச்சியை எடுப்பார்.

எனக்காகவும் அவர் ஒன்று செய்து கொடுத்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் என் அம்மாவுக்கு முழங்கால் முடியாமல் போயிற்று. ராத்திரி எழுந்திருக்க ஒரு குரல் கொடுத்தால் எனக்குக் கேட்காது. கேள்விப்பட்டவர் அரைமணி நேரத்தில் வந்தார். கட்டில் காலில் ஒரு காலிங்பெல் பட்டன், என் அறையில் ஒரு பஸர், நடுவில் வயர், நாலு பேட்டரி. வைஃபை இல்லை, சிப் இல்லை, டிக் சத்தம்கூட இல்லை. இன்றுவரை ஒரு ராத்திரிகூட அது மக்கர் செய்ததில்லை. இரண்டு தடவை பேட்டரி மாற்றினோம்.

தெருவில் யாரிடமாவது அதைப் பற்றிப் பெருமையாகச் சொன்னால் அவருக்குக் கூச்சம் வந்துவிடும். "அதுல என்ன தம்பி இருக்கு, வெறும் சுவிட்சு." அவர் செய்ததில் மூடி போட்டு, நாலு ஸ்க்ரூவும் முடுக்கிய ஒரே பெட்டி அதுதான்.

அதில் வைஃபை சேர்க்கலாமே என்று போன வாரம் ஸ்க்ரூ டிரைவரோடு மாடிக்கு வந்தார். என் அம்மா கதவைத் திறக்கவில்லை.