பார்சல் பொருளதிகாரம்

அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தது தொல்காப்பியம். பொருளதிகாரம் என்று பெயர் வைத்துவிட்டு, பொருளை உடையாமல் அனுப்பும் வழியை மட்டும் சொல்லாமல் விட்டது. இக்குறையை மதர்போர்டு ஒன்றின் துணைகொண்டு நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக் களம்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய அந்த மதர்போர்டு, தென்காசியிலுள்ள என் மருமகனுக்குப் போக வேண்டியது. "பிள்ளைக்கு வேலை மிச்சம்" என்று கடையிலேயே புராசசரையும், அதன்மேல் ஒரு கிலோ தேறும் கூலரையும் பூட்டச் சொன்னேன். கூலர் ஏறியதும் போர்டு தன் சொந்த டப்பாவில் அடங்கவில்லை. டப்பாவைக் கடையிலேயே விட்டுவிட்டு, வீட்டுப் பரணிலிருந்த மிக்ஸிப் பெட்டிக்குள் போர்டை வைத்து, அரை ரோல் டேப்பைச் சுற்றி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் போன். "மாமா, பெட்டி நல்லாத்தான் இருக்கு. தூக்குனா உள்ள சலங்கை கட்டுன மாதிரி சத்தம் வருது."

முதற்பொருள்

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். பார்சலுக்கு நிலம் லாரி, பொழுது யாமம். 'உடையும் பொருள், கவனம்' என்று பெட்டியின் ஆறு பக்கமும் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். படிக்க வெளிச்சமும் நேரமும் வேண்டும். நள்ளிரவில் மூட்டை இறக்குபவருக்கு இரண்டும் இல்லை. ஆகவே பெட்டி இடுப்புயரத்திலிருந்து ஒருமுறையாவது விழும் என்று வைத்துக்கொண்டே கட்ட வேண்டும்.

கருப்பொருள்

தெர்மாகோல்: உடைத்தால் மணிகள் கையில் ஒட்டிக்கொண்டு உதற உதறப் போகாது. அதுதான் நிலைமின்சாரம். சுமார் 3,000 வோல்ட் இருந்தால்தான் அந்தச் சுருக்கென்ற அதிர்ச்சி நமக்கே தெரியும். சில்லுகளில் சில 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே உயிரை விடும். எனவே போர்டு முதலில் வெள்ளிநிற ஆன்டிஸ்டேட்டிக் கவருக்குள் போக வேண்டும். தெர்மாகோல் அதற்கு வெளியே நிற்கட்டும்.

பபிள் ராப்: 1957இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் ஆகிய இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாகச் செய்யப் பார்த்தது. சுவரில் எடுபடவில்லை. பிறகு ஐபிஎம் தன் 1401 கணினியை அனுப்ப இதில் சுற்றியது. கொப்புளத்துக்கு வாழ்வு வந்தது. ஆக, கணினியும் பபிள் ராப்பும் பழைய உறவு. சாதாரண ராப்பும் நிலைமின்சாரம் தரும் என்பதால், இளஞ்சிவப்பு நிற ராப் உத்தமம். சுற்றுமுன் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து அதைக் காப்பாற்றுவது தனி ஆய்வுக்குரியது.

செய்தித்தாள்: ஒருமுறை நசுங்கினால் மறுபடி எழாது. முதல் விழுதலைத் தாங்கும். இரண்டாவதற்கு அது வெறும் பழைய பேப்பர்.

உரிப்பொருள்

அனுப்பியவருக்கு முல்லையின் இருத்தல். பிரித்தவருக்கு நெய்தலின் இரங்கல். மருமகன் பெட்டியைப் பிரித்தபோது கூலர் கழன்று ஒரு மூலையில் கிடந்தது. போகிற வழியில் ராம் ஸ்லாட் ஒன்றை முறித்திருந்தது. பெட்டிக்கு வெளியே ஒரு கீறலும் இல்லை. போர்டை உடைத்தது லாரி அல்ல. நான் பூட்டி அனுப்பிய கூலரும், மிக்ஸிப் பெட்டியில் மிச்சமிருந்த காலி இடமும்.

ஆய்வு முடிவு

இதிலிருந்து பெறப்படும் நூற்பா:

குலுக்கினும் ஒலியாப் பெட்டியே பெட்டி.

உரை: கூலர், கிராபிக்ஸ் கார்டு போன்ற கனமானவற்றைக் கழற்றித் தனித்தனியே சுற்றுக. புராசசர் பூட்டாமல் அனுப்பினால், சாக்கெட்டின் ஊசிகள்மேல் வரும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாமல் திரும்ப மாட்டுக. பெட்டிக்குள் பெட்டி வைத்து, இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது மெத்தை கொடுக்க. டேப் ஒட்டுமுன் காதருகே வைத்துக் குலுக்குக. சத்தம் வந்தால் மறுபடி பிரிக்க.

இரண்டாவது போர்டு இந்த முறைப்படி, தன் சொந்த டப்பாவிலேயே போய்ச் சேர்ந்தது. மருமகன் அந்த டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறான். உங்கள் வீட்டிலும் கணினிப் பொருள் வந்த டப்பா இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.